டிரைவருக்குச் சந்தனம்

சுடலைவடிவுக்குக் கை சும்மா இருக்காது. எதைக் கண்டாலும் கழுவ வேண்டும். கல்யாணமாகிக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்த புதிதில், புருஷன் பெருமாள்ராஜ் தன் மைக்செட்டுக் குழாய்களை மச்சில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தாள். “யாத்தே, இம்புட்டுத் தூசியா!” என்று எல்லாவற்றையும் இறக்கிச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டாள். மறுநாள் ஒரு சடங்கு வீட்டில் குழாய் பாடவில்லை, கொப்பளித்தது. பெருமாள்ராஜ் கோபப்படுகிற ஆளா? “எம் பொண்டாட்டி குளிப்பாட்டி விட்டிருக்கா, அதான் சளி பிடிச்சிட்டு” என்று சடங்கு வீட்டுக்காரர்களிடம் சிரித்தே சமாளித்துவிட்டான்.

அப்பேர்ப்பட்ட ஜோடி. அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் அவன் குரல் தெரியாத ஆள் ஆத்துக்கு இக்கரையிலும் கிடையாது, அக்கரையிலும் கிடையாது. கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், காணாமல்போன எருமை, எல்லாம் அவன் வாயில்தான். அவளோ வெள்ளாங்குளியில் நாத்து நடுகிற வீட்டுப் பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, கல்யாணத்துக்கு அப்புறம் தினமும் பாசஞ்சர் ரயிலைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். படித்து முடித்தவளுக்கு ஒரே ஆசை. தானே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைக்க வேண்டும். இந்தத் தெருப் பிள்ளைகள் தன்னிடம் படிக்க வேண்டும். ஆனால் தெருவில் அவளுக்குப் பெயரே கிடையாது. “மைக்செட்டு பொண்டாட்டி போறா பாரு.” அவ்வளவுதான் மரியாதை.

ஆசைக்கு இடம் கொடுத்தவர் மேலத்தெரு ஹரிஹரசுப்பிரமணியன் சார். ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சிரிப்பு என்பதை சர்வீஸிலேயே சரண்டர் பண்ணிவிட்டு வந்தவர் என்று ஊரில் பேச்சு. வீட்டின் முன்னறையைக் கொடுத்தார், கொடுக்கும்போதே ஒரு கொக்கியும் போட்டார்.

“விஜயதசமியன்னிக்கு ஆரம்பி. அன்னிக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தா ரூம் ஒனக்கு. வரலேன்னா தாணுமாலையன் சிமெண்டு மூட்டை அடுக்கக் கேட்டுண்டிருக்கான், அவனுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தப்படாது.”

பிள்ளைகள் வருமா என்பதுதான் வடிவின் கவலை. ஏனென்றால் ஆத்துக்கு அக்கரையில் அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் ஏ.சி. போட்ட சென்டர் ஒன்று வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு, மின்விசிறியும் ஒற்றைக் கம்ப்யூட்டரும் இருக்கிற முன்னறைக்கு எவன் பிள்ளையை அனுப்புவான்?

“நான் வர வைக்கேன்” என்றான் பெருமாள்ராஜ். ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டான். “பேசும் கம்ப்யூட்டர்! பேசும் கம்ப்யூட்டர்! உங்கள் குழந்தை சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லும் அதிசயக் கம்ப்யூட்டர்! விஜயதசமி காலை, மேலத்தெருவில், காணத் தவறாதீர்கள்!”

“ஏங்க, சர்க்கஸா நடத்துதோம்? கம்ப்யூட்டர் கிளாஸுன்னு சொன்னாப் போதாதா?”

“ஏட்டி, கிளாஸுன்னு சொன்னா எந்தப் பிள்ளைட்டி வரும்? பேசும்னு சொன்னா அப்பனையும் இழுத்துக்கிட்டு வரும்.”

பொய்யும் இல்லை. மைக்கை மாட்டிவிட்டு எதையாவது பேசினால் கம்ப்யூட்டர் பதிந்துகொண்டு திருப்பிச் சொல்லத்தான் செய்தது. பெருமாள்ராஜ் அதை விடுவானா? கம்ப்யூட்டரிலிருந்து வயர் இழுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, அங்கிருந்து மொட்டைமாடியில் நாலு திசைக்கும் நாலு குழாய் கட்டிவிட்டான். பிள்ளை பேசினால் ஊரே கேட்க வேண்டுமாம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூஜை வந்தது. வடிவின் கையும் பரபரக்க ஆரம்பித்தது.

காலையிலேயே அறையைக் கழுவினாள். நாற்காலி, மேஜை, ஜன்னல் கம்பி, ஸ்விட்ச் போர்டு, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். வெளியே துடைத்தாயிற்று, உள்ளே? ரெண்டு மாசமாகக் கண்டதையும் போட்டுக் கண்டதையும் அழித்து, நகர மாட்டேன் என்று கிடந்தது. எல்லாவற்றையும் கழுவிவிட்டு இதை மட்டும் அழுக்காகச் சரஸ்வதிக்கு முன்னால் வைப்பதா? விண்டோஸ் சிடிதான் கையில் இருக்கிறதே. ஃபார்மட் கொடுத்துவிட்டாள்! உள்ளே இருந்ததை எல்லாம் ஒட்ட வழித்துத் துடைத்தாயிற்று. புது விண்டோஸைப் போட்டு ஓடவிட்டு, சாமி கும்பிடப் போய்விட்டாள்.

பூஜைக்கு அடுக்குகிற வேலை பெருமாள்ராஜுடையது. ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், வடிவின் புத்தகங்கள், கம்ப்யூட்டரோடு வந்த சிடி, எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினான். குழைத்த சந்தனமும் குங்குமமும் பார்த்துப் பார்த்து வைத்தான். பொரி, கடலை, வாழைப்பழம், சூடம், மணி. நல்லபடியாக முடிந்தது.

முடிந்து வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் விழித்துக் கிடக்கிறது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. திரையில் எழுத்தெல்லாம் கண்ணு தெரியாத கிழவனுக்குப் போட்டதுபோலத் தடித்தடியாக இருக்கிறது. மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தைக் காணோம். வடிவு செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாள். வரிசையாக மஞ்சள் கேள்விக்குறி.

“போச்சு!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, போச்சுங்க! சவுண்டுக்கு டிரைவர் இல்ல!”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் டிரைவர் என்றால் ஒரு சின்ன புரோகிராம். சவுண்ட் கார்டோடு எப்படிப் பேசுவது என்று விண்டோஸுக்குச் சொல்லிக் கொடுக்கிறது அதுதான். அது இல்லாவிட்டால் கார்டு உள்ளேயே இருந்தாலும் ஊமைதான். ஆனால் மைக்செட்டுக்காரனுக்கு டிரைவர் என்றால் வேறே. குழாயின் பின்பக்கம் குண்டாகத் திருகியிருக்குமே, சத்தம் பிறக்கிற டப்பா, அதுதான் டிரைவர் யூனிட்.

“டிரைவர்தானே? இதுக்கா ஒப்பாரி வைக்க? எங்கிட்ட புதுசாவே நாலு கிடக்கு!” என்று ஓடியே போய்விட்டான் மனுஷன். வடிவு கேள்விக்குறிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவன் மாடியில் ஏறி நாலு குழாயிலும் பழைய யூனிட்டைக் கழற்றிவிட்டுப் புதுசைத் திருகி மாட்டினான். ஸ்க்ரூடிரைவர் சாமியிடம் இருக்கிறது, ஆனால் அதற்குக் கையே போதும். இறங்கி வந்து வால்யூமைக் கொஞ்சம் கூட்டினான். சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினான். இல்லை. கடைசிவரைக்கும் திருகிவிட்டான்.

“நாலு டிரைவரையும் மாத்திட்டேன்ட்டி. இன்னும் பேச மாட்டேங்குதே!”

வடிவு திரும்பிப் பார்த்தாள். அவன் கையில் பழைய யூனிட்டுகள். கோபப்படத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். பாவம், அவன் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான்.

“அந்த டிரைவர் இல்லைங்க. கம்ப்யூட்டரோட வந்த சிடியில இருக்கிற டிரைவர். எங்க அந்தச் சிடி?”

அவன் சரஸ்வதி படத்தைக் காட்டினான். புத்தக அடுக்கின் உச்சியில், அட்டையில் இருந்து எடுத்து வைத்த சிடி, ரோஜாப்பூ இதழ் மூடிக் கிடந்தது.

“எடுத்துக்கிடட்டி. சாமி என்ன சொல்லப்போகுது?”

“சும்மா இருங்க. சூடம் காட்டியாச்சு. நாளைக்குப் படிப்பு ஆரம்பிக்கிற எடத்துல, இன்னைக்கே சரஸ்வதிகிட்ட களவாங்கச் சொல்லுதியளா? காலையில மறுபூஜை முடிஞ்சாத்தான் கை வைக்கணும்.”

சரி, வேறு யாரிடமாவது கேட்போம் என்று புருஷனோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வரிசையாகப் போன் போட்டாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் இருக்கிறது. “சிடியா? சாமிகிட்ட வச்சிருக்கும்மா.” வக்கீல் ஆபீஸில் இருக்கிறது. “பூஜையில இருக்கே, நாளைக்கு வாங்க.” அரிசி மில்லில் இருக்கிறது. “எல்லாத்துக்கும் மேல குங்குமம் போட்டாச்சே தாயி!” தாமிரபரணி ஓரத்தில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரின் டிரைவரும் அன்றைக்குச் சரஸ்வதியின் காலடியில்தான் கிடந்தது போலிருக்கிறது. பூத்துக்காரர் முன்னாலேயே வடிவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

“பூஜை போடாத ஆள் ஒருத்தன் இருக்கான்” என்றான் பெருமாள்ராஜ். பாளையங்கோட்டை கிருபைராஜ். இந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்ததே அவன்தான். வீட்டுக்குப் போன் போட்டால் அவன் அம்மா எடுத்தாள். லீவு நாளாச்சே, சர்ச் பையன்களோடு மணிமுத்தாறு அருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறானாம்.

அப்புறம் என்ன, எம்.எய்ட்டி வண்டியை உதைத்தான் பெருமாள்ராஜ். பின்னால் வடிவு. வயலெல்லாம் பச்சை, வானம் மூடிக் கிடக்கிறது, லேசாகத் தூறல். இந்த மனுஷன் வண்டி ஓட்டிக்கொண்டே பாட்டு வேறு எடுத்துவிட்டான். நாளைக்குச் சென்டர் இருக்குமா, சிமெண்டு மூட்டை இருக்குமா என்று தெரியாத நேரத்தில் தனக்கு எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று வடிவுக்கே விளங்கவில்லை.

அருவியில் நல்ல தண்ணீர். கூட்டத்தில் கிருபைராஜின் வழுக்கையைப் பெருமாள்ராஜ்தான் கண்டுபிடித்தான். கைதட்டினார்கள், கூப்பிட்டார்கள், இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வடிவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைமேல் ஏறி நின்று கத்தினாள்.

“கிருபை! சவுண்டு டிரைவர் வேணும்!”

“என்னது? சவுண்டு செட்டுக்கு என்ன? அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?”

“அவருக்கு ஒண்ணும் இல்ல! கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணிட்டேன்!”

“எதுக்குக்கா?”

“ஆயுத பூஜைக்கு!”

கிருபைராஜ் அருவியை விட்டே வெளியே வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டு ஈரத் துண்டோடு பாறையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்தில் குளித்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கா, அந்தக் கார்டு தைவான்காரன் போட்டது. அதுக்கு ஒரே சிடி, அதை உங்களுக்கே கொடுத்தாச்சு. எங்கிட்ட வேற இல்ல. இதுக்கு ஏன் பதறுதீங்க? சாமிகிட்ட பத்திரமாத்தானே இருக்கு? காலையில எடுத்துப் போடுங்க, பத்து நிமிச வேலை. ஒண்ணே ஒண்ணு. மினுங்குற பக்கத்துல மட்டும் கை படக்கூடாது. அந்தப் பக்கம்தான் எல்லாம் இருக்கு.”

வடிவுக்கு உயிர் வந்தது. வந்ததுதான் வந்தோம் என்று ரெண்டு பேரும் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டே திரும்பினார்கள்.

விஜயதசமி காலை. மறுபூஜை முடிவதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பெருமாள்ராஜ் சொன்ன மாதிரியே பிள்ளைகள் அப்பன்களை இழுத்துக்கொண்டு வந்திருந்தன. ஏரலில் இருந்து விருந்துக்கு வந்த ஒரு குடும்பம்கூட வந்து நின்றது. ஹரிஹரசுப்பிரமணியன் சார் மேல்துண்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் பேத்தி மீனு. தாணுமாலையன் கையில் டேப்போடு வந்து, அறை எத்தனை அடி இருக்கும் என்று ஓரமாக அளந்துகொண்டிருந்தார். வயிற்றெரிச்சலா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

வடிவு கும்பிட்டுவிட்டுப் பூ இதழோடு சிடியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். எழுத்து இருக்கிற பக்கம் சுத்தமாக இருந்தது. மேலே இருந்த இதழ்களைத் தள்ளினாள்.

மினுங்குகிற பக்கத்தில், நட்ட நடுவில் ஓட்டையைச் சுற்றிச் சந்தனம் வட்டமாகக் காய்ந்திருக்கிறது. அதற்கு மேல் மூன்று விரலால் இழுத்த பட்டை. பட்டைக்கு நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு.

“ஏங்க!!”

பெருமாள்ராஜ் ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், சிடியைப் பார்த்தான்.

“இந்தப் பக்கம் யாரு பொட்டு வைக்கச் சொன்னா?”

“அதுலதானட்டி மூஞ்சி தெரிஞ்சுது” என்றான் அவன், குரல் இறங்கி. “மூஞ்சிக்குத்தான பொட்டு வைப்பாவ?”

இவனை அடிக்கவா, அழவா? வெளியே சார் தொண்டையைக் கனைத்தார். “ஏம்மா, பேசுமா பேசாதா? நல்ல நேரம் போயிண்டிருக்கு.” கூட்டத்தில் ஒருத்தன், “குழாய்க்காரன் வழக்கம்போல விட்டுட்டான்வே ஒரு ரீலு” என்றான். ஒரு அம்மா பையன் கையைப் பிடித்து, “வா, அம்பைக்கே போவோம்” என்று கிளம்பியேவிட்டாள்.

வடிவு சிடியோடு கொல்லைக்கு ஓடினாள். கழுவுகிறதில் அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆனால் இந்தத் தடவை நார் கிடையாது, சாம்பல் கிடையாது. அடிபம்புத் தண்ணீரைப் பைய விட்டு, உள்ளங்கையில் சோப்பு நுரையை எடுத்து, பச்சைப்பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரி உள்ளே இருந்து வெளியே பார்த்துத் துடைத்தாள். சந்தனம் கரைந்தது. குங்குமம் போவேனா என்றது. மறுபடியும் நுரை, மறுபடியும் தண்ணீர். “சரஸ்வதி, நான் உங்கிட்ட களவாங்கல, நீ மட்டும் கைவிட்டுராதே தாயே” என்று வாய்விட்டே சொன்னாள். கடைசியில் லேசான சிவப்பு மட்டும் நின்றது. முந்தானையில் ஒற்றி எடுத்து ஓடி வந்து உள்ளே தள்ளினாள்.

கர்ர்ர் என்றது. நின்றது. மறுபடியும் கர்ர்ர். பெருமாள்ராஜ் மேஜையில் இருந்த மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். திரையில் நீலக் கோடு நகர்ந்தது. நகர்ந்து, பாதியில் நின்று, அது போனால் போகிறது என்று மறுபடி நகர்ந்து, முடிந்தது. மஞ்சள் கேள்விக்குறியில் ஒன்று மறைந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னது. போட்டாள்.

ஆம்ப்ளிஃபையரில் வால்யூம் முந்தின நாளில் இருந்து உச்சியில் நிற்கிறது என்பது ரெண்டு பேருக்கும் நினைவில்லை.

விண்டோஸ் கண் விழிக்கும்போது ஒரு மெட்டுப் போடுமே, அது நாலு குழாயிலும், நாலு புது டிரைவர் யூனிட்டிலும் கிளம்பிற்று பாருங்கள்! கோயில் கோபுரத்துப் புறா அத்தனையும் எழும்பியது. தெருவில் கட்டிப் போட்டிருந்த கன்று முளையோடு பிடுங்கிக்கொண்டு ஓடியது. தாணுமாலையன் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். அம்பையில் ஏ.சி. போட்ட சென்டரில் கண்ணாடிக் கதவைச் சாத்தியிருந்தாலும் கேட்டிருக்கும். பிள்ளைகள் ஓவென்று கூச்சல் போட்டன.

பெருமாள்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் மைக்கைப் பிடித்தால் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று ஆரம்பிக்கிறவன் அதை மறந்தான், மைக் கையில் இருப்பதையே மறந்தான்.

“ஏட்டி வடிவு! ஜெயிச்சுட்டட்டி! எந் தங்கம்டி நீ! ஒன் கையைக் குடுட்டி, கண்ணுல ஒத்திக்கிடுதேன்!”

அத்தனையும் குழாயில் போய்விட்டது. எருமையைக் காணோம் என்று ஊருக்குச் சொன்ன அதே குரல், இன்றைக்குப் பொண்டாட்டியைத் தங்கம் என்று ஊருக்கே சொல்லிவிட்டது. தெருவெல்லாம் சிரிப்பு! ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். வடிவு ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மானம் போகிறது, ஆனாலும் உள்ளுக்குள் தேனாக இனிக்கிறது. அம்பைக்குக் கிளம்பிய அம்மா பையனோடு திரும்பி வந்து முன்வரிசையில் நின்றாள்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தார். சிரிப்பெல்லாம் அடங்கியது. வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, மீனுவைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். அவ்வளவுதான், ரூம் போச்சு என்று நினைத்தாள் வடிவு. தெருவே கேட்க இந்தக் கூத்து அடித்தவளுக்கு எந்த ஹெட்மாஸ்டர் இடம் கொடுப்பார்?

சார் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு மீனுவை உட்கார வைத்தார்.

“மொதல் பேரா இவளை எழுதிக்கோ. ஏய், மைக்குல ஏதாவது சொல்லு. திருப்பிச் சொல்றதான்னு பாக்கலாம்.”

பெருமாள்ராஜ் மைக்கை நீட்டினான். வடிவு பதிகிற பட்டனை அமுக்கினாள். மீனு வெட்கப்பட்டாள், தாத்தாவைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள். அப்புறம் மைக்கில் வாயை வைத்து முழுத் தொண்டையில் கத்தினாள்.

“ஏட்டி வடிவு!”

“அடியே!” என்று சார் போட்ட அதட்டலும் அதே மைக்கில் விழுந்து, நாலு குழாய் வழியாகவும் நாலு தெருவுக்கும் போயிற்று. “யாரைப் பேர் சொல்றே? டீச்சர்னு கூப்பிடு!”

கம்ப்யூட்டர் அதை அப்படியே திருப்பிச் சொன்னது. பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஏறின. வடிவு சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அடுத்த பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள்.